பூனை மீசை

கடைக்காரர் எடுத்துப் போட்ட பைக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம். தடித்த தோல், இரட்டைத் தையல், முன்னால் அறை, பின்னால் அறை, அறைக்குள் ஓர் அறை, சுத்தியல் மாட்ட ஒரு வளையம், அந்த வளையத்துக்குத் துணையாக இன்னொரு வளையம்.

"இதை இடுப்புல கட்டினேன்னு வையி, தெருவே உன்னைத் திரும்பிப் பார்க்கும்," என்றார்.

"பார்க்காம? பேன்ட் அவுந்து விழுந்தா யாருதான் பார்க்க மாட்டாங்க," என்றான் பூனை. "சின்னதா ஒரு துணிப் பை குடுங்க. வாய் மட்டும் விறைப்பா நிக்கணும். ஏணி மேல நின்னுக்கிட்டு ஒத்தைக் கையால தடவுறவன் நான். பை பெருசா இருந்தா வேண்டாததெல்லாம் வந்து குடியேறிடும். வேணுங்கிறது கைக்குச் சிக்காது."

"நீ பையைப் பத்திப் பேசுறியா, சொந்தக்காரங்களைப் பத்திப் பேசுறியா?"

"ரெண்டும் ஒரே கதைதான், அண்ணாச்சி."

கடைக்காரர் சிரித்துவிட்டுத் தோல் பையை உள்ளே வைத்தார். தலையில் கட்ட முடியாத ஆள் என்று தெரிந்தால் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிடும். தூசி தட்டிச் சாம்பல் நிறப் பை ஒன்றை எடுத்தார். பூனை அதன் வாயை விரித்தான், மடக்கினான், பெல்ட்டில் மாட்டிக் குனிந்து நிமிர்ந்தான், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் அறையாகத் தடவினான்.

"பழைய பை என்னாச்சு?"

"மச்சான் இடுப்புல இருக்கு."

"இரவல் குடுத்தியா?"

"பறிகொடுத்தேன்."

பூனை என்பது அவன் பெயரில்லை. சீலிங் பலகைக்கு மேலே இருக்கும் இடுக்கில் தூசிகூடக் கீழே விழாமல் நுழைந்து திரும்புகிறவன் என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டம். கேமரா, அலாரம், இண்டர்காம், கார்டைக் காட்டினால் திறக்கும் கதவு, இவைதான் அவன் தொழில். ஷாக் அடிக்காத கரண்ட் வேலை என்பார்கள். உண்மைதான். அந்த வயரைத் தொட்டால் கூசக்கூடச் செய்யாது. ஆனால் ஒரு வயர் விட்டுப்போனால் ஆளை அறைக்குள் போட்டுப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டியதில்தான் பூனையின் பிழைப்பும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

மச்சான் என்றால் அக்காவைக் கட்டியவர். இருவரும் ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார்கள். மச்சானுக்குச் சொந்தமாக ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடக் கிடையாது. சொந்தமாக இருந்தது ஒரே ஒரு சொல்தான்: "நம்ம."

"மாப்ளே, நம்ம டெஸ்டரைக் கொஞ்சம் தள்ளு." "மாப்ளே, நம்ம கட்டர் எங்கே?" பூனையின் பையில் இருந்ததெல்லாம் நம்ம. மச்சானின் சட்டைப் பையில் இருந்த சிகரெட் மட்டும் என் சிகரெட். இந்த இலக்கணம் பூனைக்கு நன்றாகப் புரிந்துதான் இருந்தது. அக்கா வீட்டுக்காரர் என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே போனான்.

அந்தக் கட்டருக்கு ஒரு வரலாறு உண்டு. மழையில் நடுத்தெருவில் மச்சானின் ஸ்கூட்டர் கிளட்ச் கேபிள் அறுந்தபோது, பிசிறை வெட்டித் தருகிறேன் என்று பூனை தன் கட்டரை நீட்டினான். கேபிள் எஃகு. கட்டர் வாயில் நடுப்பல் விழுந்ததுபோல ஒரு சில்லு பெயர்ந்தது. வயர் வெட்ட ஒரு குறையுமில்லை, நல்ல இரும்பு. ஆனால் வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டையை வெட்டினால் மட்டும் அந்தப் பொக்கை வழியாக மெல்லிசாக ஒரு முள் துருத்திக்கொண்டு நிற்கும். கையை வைத்தால் சுருக்கென்று குத்தும். வேலை செய்யுமிடத்தில் எல்லோரும் அதற்குப் பூனை மீசை என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்த வயர்க் கட்டைப் பார்த்தாலும், மீசை இருக்கிறதா, பூனை வந்து போயிருக்கிறான் என்பார்கள். அவனுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. தன் வேலையில் தானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

அந்தக் கையெழுத்தை வைத்தேதான் அவனை மாட்டினார்கள்.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்று. மாடியில் கோப்பு அறைக்குக் காந்தப் பூட்டு. உள்ளே பட்டனை அழுத்தினால் காந்தம் பிடியை விட வேண்டும். கட்டடத்தின் சொந்தக்காரர் உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது, பட்டனை அழுத்தினார், காந்தம் விடவில்லை. மனிதர் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கதவுக்கு அடியில் விசிட்டிங் கார்டைத் தள்ளித் தள்ளி உதவி கேட்டிருக்கிறார். வெளியே வந்ததும் முதல் கேள்வி, "யாருய்யா இந்த வேலை பார்த்தது?"

காண்ட்ராக்டர் சீலிங் பலகையைத் தூக்கினார். பட்டன் வயரை விரலால் முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டிருந்தார்கள். முறுக்கு விட்டுப்போயிருந்தது. சுற்றிலும் இருந்த டைகளில் வரிசையாக மீசை.

முந்தின நாள் அந்த மாடியில் வேலை பார்த்தது மச்சான். "நம்ம கட்டரைக் குடு மாப்ளே" என்று கீழே வந்து வாங்கிப் போனதும் மச்சான். அதைப் பூனை சொன்னான். மச்சான் அவன் தோளில் கையைப் போட்டு, "உன் கட்டர் உன் இடுப்பிலதானே இருக்கும் மாப்ளே," என்றார். பிறகு காண்ட்ராக்டர் பக்கம் திரும்பி, "சின்னப் பையன், முதலாளி. இந்த ஒரு தடவை மன்னிச்சு விடுங்க. நான் கண்டிச்சு வைக்கிறேன்," என்றார்.

பழியைப் போட்டதைக்கூடப் பூனை பொறுத்திருப்பான். தான் செய்த தப்புக்கு அவனை மன்னிக்கச் சொன்னார் பார், அதுதான் நெஞ்சில் தைத்தது. ஆத்திரத்தில் பையைக் கழற்றி மச்சானின் காலடியில் எறிந்துவிட்டு வெளியேறினான். புத்திசாலித்தனமான காரியம் என்று சொல்ல முடியாது. மறுநாளே மச்சான் அந்தப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். பூனைக்குக் கிடைத்ததெல்லாம் வீட்டுக் காலிங் பெல் வேலை. கட்டட முதலாளியையே பூட்டினவன் என்று தொழிலில் பேர் கெட்டுப்போயிற்று. பிளாஸ்டிக் பையில் நாலு சாமானைப் போட்டுக்கொண்டு, கறுவிக்கொண்டே வாசல் வாசலாகப் போய்வந்தான்.

இன்று காலையில்தான் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம் கூப்பிட்டிருந்தார். "கோப்பு ரூம் கதவு நீ பண்ணினதுன்னு சொன்னாங்க. நீ போன பிறகு மாட்டின கதவும் அதே வேலையைத்தான் பண்ணுது. மிச்ச மாடிக்கும் வேலை தரணும்னு உங்க காண்ட்ராக்டர் நிக்கிறாரு. குடுக்கிறதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் பார்க்கணும். நாளைக்கு வரியா? சாமான் உன்னோடதா இருக்கணும்."

வருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் செருப்பை மாட்டியிருந்தான்.

"அடுத்து என்ன?" என்றார் கடைக்காரர்.

"டெர்மினல் ஸ்க்ரூடிரைவர். முனை சின்னதா, தண்டும் மெல்லிசா."

கடைக்காரர் ஒன்றை நீட்டினார். பூனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "முனை சின்னதுதான். தண்டு தடியாயிருக்கு. வயர் மாட்டுற குழிக்குள்ள நுழையாது."

"கண் ஆபரேஷன் பண்ணப் போறியா?"

"பண்ணத்தான் போறேன். சில பேருக்குக் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கு."

நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரில் மூன்றைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தான். முனை உருளாத இரும்பு, திருகின் தலையைத் தின்னாது. வயர் தோலுரிக்கும் ஸ்ட்ரிப்பருக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்துக் கவுண்டரிலேயே உரித்துப் பார்த்தான். முதல் ஸ்ட்ரிப்பர் செம்பில் கீறல் போட்டது. இரண்டாவதில் தோல் மட்டும் சட்டை கழற்றுவதுபோல வந்தது.

"மச்சான் பல்லால உரிப்பாரு," என்றான்.

"நல்ல பல்லு போல."

"இருக்கிற வரைக்கும்."

கடைக்காரர் அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீ வேலைக்குச் சாமான் எடுக்கிறியா, அடிதடிக்கு எடுக்கிறியா?"

"ரெண்டும் இல்லாம உங்க கடைக்கு யாரு வருவா?"

வயர் முனையை அமுக்கி இறுக்கும் கிரிம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. அந்த வகைக் கிரிம்பர் பாதியில் திறக்காது. முழுதாக அழுத்தி முடித்தால்தான் வாயை விடும். உன்னை மாதிரியே என்று கடைக்காரர் சைகை காட்டினார். பூனை அதை அழுத்திப் பிடித்தபடியே பேசினான்.

"டேய் தம்பி, நாளைக்கு நீ அங்க போறியாமே."

"போறேன்."

"அவரு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. உன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும்டா. ஆனா நாலு பேர் முன்னாடி அவரைக் கேவலப்படுத்திடாதே. அவரு தலை குனிஞ்சா அது எனக்கும்தான்."

"நாலு பேர் முன்னாடி நான் தலை குனிஞ்சு நின்னப்போ, அது யாருக்குக்கா?"

அக்காவுக்குப் பின்னால் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

"என் கட்டர் எங்க இருக்கு?" என்றான்.

"இங்கதான். பையோட ஆணியில தொங்குது." கொஞ்சம் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுல கால் நகம் வெட்டிக்கிறாருடா," என்றாள்.

பூனையின் கை தானாக இறுகியது. கிரிம்பர் கடைசிப் பல் வரைக்கும் போய், டக்கென்று வாயைத் திறந்தது.

அவள் ஏன் அதைச் சொன்னாள்? வீட்டுக்காரரைப் பற்றிய ஒரு சாதாரண அலுப்பா, அல்லது போய்ப் பார்த்துக்கொள்ளடா என்று கொடுத்த உத்தரவா? அவன் கேட்கவில்லை. அவளும் வேறு பேச்சு எடுக்காமல் வைத்துவிட்டாள்.

மீதியை மளமளவென்று எடுத்தான். வயர் தொடர்ச்சி இருந்தால் கூவும் சின்ன மீட்டர். நெற்றியில் மாட்டும் டார்ச். முறுக்காமல் அமுக்கியே வயரைச் சேர்க்கும் ஜெல் மூடிகள் ஒரு டப்பா. ஒரு டேப், ஒரு கட்டு டை. எல்லாவற்றையும் பையில் அடுக்கினான். அடிக்கடி எடுப்பது வலது கைப்பக்கம், எப்போதாவது எடுப்பது பின்னால். முன்னறை ஒன்று மட்டும் காலியாக நின்றது.

கடைக்காரரின் கண் அங்கேதான் போயிற்று. காலியான அறையைப் பார்த்துச் சும்மா இருக்கும் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. "கட்டர் எடுக்கலையே! நல்ல சரக்கு வந்திருக்கு. வெண்ணெய் மாதிரி வெட்டும். எடுத்துக்கோ, டேப்பைச் சும்மா தரேன்."

"வேண்டாம்."

"கட்டர் இல்லாம என்னத்த வேலை பார்ப்பே?"

"கட்டர் இல்லாமப் போறதுதான் வேலையே. நல்ல கட்டரா ஒண்ணு எடுத்து வையுங்க. திரும்பி வந்து வாங்கிக்கிறேன்."

மறுநாள் காலை கட்டடத்தின் இரண்டாம் மாடி நடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மேடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்ப்பதும் பார்க்காததுமாக நின்றார். மச்சான் பூனையின் பழைய பையை இடுப்பில் கட்டி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா மாப்ளே, வா. புதுப் பையா? மாப்பிள்ளைக் களை சொட்டுதே."

"எல்லாம் நீங்க குடுத்த வாழ்வுதான் மச்சான்."

மேடம் ஸ்டோர் ரூம் கதவைக் காட்டினார். கார்டுக்குத் திறக்கிறது. உள்ளே இருந்து பட்டனை அழுத்தினால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் இல்லை. உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

பூனை ஏணியை விரித்தான். இரண்டு படி ஏறினான். பையின் முன்னறையைத் தடவினான். அந்தத் தடவலை அவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான்.

"அட!" என்றான். "மச்சான், கட்டர் எடுக்க மறந்துட்டேன். நம்ம கட்டர் இருந்தாக் குடுங்களேன்."

நம்ம. அந்தச் சொல்லை மச்சானிடம் அதுவரை யாரும் திருப்பிச் சொன்னதில்லை. அது தன் சொத்து என்று நினைத்திருந்தவருக்குச் சுர்ரென்று ஏறியது. அதுவும் காண்ட்ராக்டர் பார்க்க, மேடம் பார்க்க, வேலையைவிட்டுப் போனவன் வந்து சாமான் இரவல் கேட்கிறான். இப்படி ஒரு வாய்ப்பை விடுகிறவரா அவர்?

"நம்ம கட்டரா?" என்று நீட்டி முழக்கினார். "இது என் கட்டர் மாப்ளே. என்னோடது. வேலைக்கு வர்றவன் சாமானைச் சொந்தமா வச்சிக்கணும், தெரியுதா? சரி, சரி, பிடி. பத்திரமாத் திருப்பிக் குடுத்துடணும்."

"உங்களோடதுதானே? கண்டிப்பாத் திருப்பித் தரேன்," என்றான் பூனை. கீழே பார்த்து, "கேட்டுக்கோங்க மேடம். தொலைஞ்சா என்னைத்தான் சொல்லுவாங்க," என்றான். மேடம் கேட்டதற்கு அடையாளமாகத் தலையை அசைத்தார்.

சீலிங் பலகையை நகர்த்தி, வயர்க் கட்டைப் பிடித்துத் தலைக்கு நேரே இறக்கினான். டார்ச் வெளிச்சத்தில் டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் மெல்லிசாக ஒரு முள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா மேடம்!" காண்ட்ராக்டர் குதித்தே விட்டார். "பூனை மீசை! நான் அன்னைக்கே சொன்னேன். இது சாட்சாத் இவன் வேலை. இவன் கட்டர் தவிர வேற எதுலயும் இந்த முள் வராது. இவனையே கூட்டிட்டு வந்து இவன் வேலையைப் பார்க்கச் சொல்றீங்களே!"

மச்சானின் தாளம் நின்றுபோயிற்று. விவரம் அவருக்கு மட்டும் ஒரு நொடி முன்னதாகப் புரிந்துவிட்டது. "முதலாளி..." என்று இழுத்தார். முதலாளி காதில் வாங்கவில்லை.

மேடம் கட்டிய கையைப் பிரித்தார். "இந்தக் கதவை இவர் போன பிறகுதானே மாட்டினீங்க? ஸ்டோர் ரூமே அப்புறம்தானே கட்டினோம்?"

காண்ட்ராக்டரின் வாய் திறந்தபடியே நின்றது. வேண்டுமானால் ஓர் ஈ உள்ளே போய் இடம் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

பூனை தன் பையிலிருந்து புது டை ஒன்றை எடுத்து வயரைச் சுற்றி இழுத்தான். மீந்த வாலைக் கீழே எல்லோரும் பார்க்க அந்தக் கட்டரால் வெட்டினான். பிறகு அந்த முடிச்சையும் நறுக்கி, இறங்கி வந்து மேடத்தின் உள்ளங்கையில் வைத்தான்.

"ஸ்ஸ்," என்று மேடம் கையை உதறினார். "குத்துது."

"எனக்கும் ரொம்ப நாளாக் குத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு மேடம்."

காண்ட்ராக்டர் கட்டரை வாங்கி, வாயை விரித்து, பொக்கையைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். "இது யாரோடது?"

மச்சான் பையின் மேலிருந்து கையை எடுத்தார். "அது... நம்ம கட்டர்தானே முதலாளி. நம்ம மாப்ளேயோட..."

"இப்பத்தானே என்னோடதுன்னீங்க?" என்றார் மேடம். "ரெண்டு தடவை சொன்னீங்க."

பூனை மறுபடி ஏறிப் பட்டன் வயரைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தான். கோப்பு அறையில் இருந்தது போலவே இரண்டு வயரும் விரலால் முறுக்கிய முறுக்கு. செம்பின் மேல் பல்லால் கடித்து உரித்த தடம். லேசாகத் தொட்டான். கழன்று இரண்டாகத் தொங்கியது. இழுக்கும் வரைக்கும்கூட அது காத்திருக்கவில்லை. புது ஸ்ட்ரிப்பரால் உரித்து, ஜெல் மூடி போட்டு அமுக்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்தான். மேடமே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பட்டனை அழுத்தினார். டொக்கென்று காந்தம் விட்டது. மறுபடி போனார், மறுபடி விட்டது. நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"எல்லாக் கதவையும் பிரிச்சுச் செய்யணும்," என்று காண்ட்ராக்டரிடம் சொன்னார். "உங்க செலவுல. இவர் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் மிச்ச மாடிப் பேச்சு. அப்புறம், எங்க முதலாளிகிட்ட அன்னைக்கு இவரைத்தானே கை காட்டினீங்க? அதே வாயால போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க. இப்பவே."

காண்ட்ராக்டர் போனார். போகிற வழியில் மச்சானிடம் ஏணியைக் காட்டினார். பேசக்கூட இல்லை, விரலால்தான் காட்டினார்.

அன்று முழுக்க மச்சான் ஏணியில், பூனை கீழே. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் கொடுமை. "டேப்பைப் பிரிங்க மச்சான். பல்லு வேண்டாம் மச்சான், ஸ்ட்ரிப்பர் இந்தாங்க. அமுக்கியாச்சா? இழுத்துப் பாருங்க. நல்லா இழுங்க மச்சான், வெட்கப்படாதீங்க." போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். முதலாளியைப் பூட்டினவர் இவரா என்று ஒருவர் கேட்டார். பூனை மேலே பார்த்தான். மச்சான்தான் ஏணி மேலிருந்து ஆமென்று தலையாட்ட வேண்டியிருந்தது.

கடைசிக் கதவு முடிந்ததும் மச்சான் பழைய பையைக் கழற்றி, கட்டரை அதற்குள் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "எடுத்துக்கோ. உன்னோடது."

பூனை வாங்கிக் கட்டரை மட்டும் வெளியே எடுத்தான். துடைத்தான். வாயை ஒருமுறை திறந்து மூடினான். பிறகு மச்சானின் சட்டைப் பையில், சிகரெட்டுக்குப் பக்கத்தில், மெதுவாகச் செருகினான்.

"திருப்பித் தரேன்னு மேடம் முன்னாடி வாக்குக் குடுத்தேனே மச்சான். உங்க கட்டர். நீங்களே வச்சிக்கோங்க. இனிமே எங்க வேலை பார்த்தாலும் மீசை உங்களோடதுதான்."

சாயங்காலம் கடைக்குப் போனபோது கடைக்காரர் புதுக் கட்டரைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். பூனை ஒரு டையை வெட்டி, முனையில் கட்டைவிரலால் தடவினான். வழவழவென்றிருந்தது. முன்னறையில் போட்டான். பை நிறைந்தது.

போன் அடித்தது. அக்கா.

"என்னடா பண்ணித் தொலைச்சே? வந்ததுல இருந்து பேச்சு மூச்சில்லை. கட்டரை மேஜையில வச்சுட்டுப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

"உனக்குக் கோபமாக்கா?"

"கோபம்தான். இருக்காதா?" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று பிடிபடவில்லை. "கால்ல நகம் வேற வளர்ந்து கிடக்கு. கட்டரைத் தொடவே மாட்டேங்கிறாரு."

பூனை போனைக் காதிலிருந்து எடுக்காமலே கடைக்காரரைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நகவெட்டி இருக்கா? நல்லதா ஒண்ணு குடுங்க. கலர் பேப்பர்ல சுத்தி, மேல 'அன்பு மச்சானுக்கு'ன்னு எழுதிடுங்க."

"மச்சானுக்கா, நம்ம மச்சானுக்கா?" என்றார் முழுக் கதையையும் கேட்டிருந்த கடைக்காரர், பேனாவைத் திறந்துகொண்டே.

"நம்ம வேண்டாம்," என்றான் பூனை. "என் மச்சானுக்குன்னு போடுங்க."